ஐடியை மாற்றினேன், தேதி காணாமல் போனது

நான் தொட்டது ஒரே ஒரு இடம்தான். ஆர்டர் என்டிட்டியில் (ஆர்டர் டேபிளின் ஒரு பதிவைக் குறிக்கும் ஜாவா கிளாஸ்) ஐடி உருவாகும் முறையை ஐடென்டிட்டியிலிருந்து (பதிவை எழுதும்போது டேட்டாபேஸ் எண் போடுவது) சீக்வென்ஸுக்கு (டேட்டாபேஸின் எண் வரிசையிலிருந்து முன்பே எண் வாங்குவது) மாற்றினேன். டெஸ்டுகளை ஓட்டினால் இரண்டு சிவப்பு. இரண்டுமே ஐடியைப் பற்றியவை அல்ல. புது ஆர்டர் போட்டதும் திரும்பி வரும் பதிலில் ‘உருவான நேரம்’ காலியாக இருந்தது. கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் வேலையில் ‘உருவாக்கியவர்’ காலியாக இருந்தது. இந்த இரண்டு ஃபீல்டுகளின் பக்கம் நான் போகவே இல்லை. இரண்டு நாள் இதிலேயே உட்கார்ந்து கண்டுபிடித்ததை, ஜாவா பொருள்களை டேட்டாபேஸில் எழுதி வாசிக்கும் ஹைபர்நேட் நூலகத்தோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கம் ஜாவா, ஹைபர்நேட் 6, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஆர்டர் என்டிட்டியில் பயனர் நிரப்பாத ஃபீல்டுகள் ஆறு: ஐடி, உருவான நேரம், கடைசியாக மாறிய நேரம், உருவாக்கியவர், ஆர்டர் எண், மொத்தத் தொகை. எல்லாம் தானாக நிரம்புகிறது என்றுதான் பேச்சு. ஆனால் அந்த ‘தானாக’வுக்குப் பின்னால் வேறு வேறு கைகள் இருக்கின்றன. ஐடியைத் தருவது டேட்டாபேஸ். நேரம் இரண்டையும் போடுவது ஹைபர்நேட்டின் கிரியேஷன்டைம்ஸ்டாம்ப், அப்டேட்டைம்ஸ்டாம்ப் அனோடேஷன்கள் (ஃபீல்டின்மேல் ஒட்டும் குறிப்புகள்). உருவாக்கியவரை நிரப்புவது நாங்கள் எழுதிய ஜெனரேட்டர். மொத்தத் தொகை, போஸ்ட்கிரெஸ் தானே கணக்கிட்டு வைக்கும் ஜெனரேட்டட் நெடுவரிசை. ஆர்டர் எண்ணைப் போடுவது எங்கள் சர்வீஸ் பகுதியின் கோடு (நிரல்). யார் நிரப்புகிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். எந்த நொடியில் நிரப்புகிறார்கள் என்பதைத்தான் நான் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

முதலில், ஐடியை ஏன் மாற்றப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மொத்தமாக ஏற்றும் வேலை மெதுவாக ஓடியது. ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) பேட்ச் அளவு, அதாவது ஒரே கட்டாக அனுப்பும் கட்டளைகளின் எண்ணிக்கை, 50 என்று அமைப்பில் எப்போதோ எழுதியாயிற்று. ஆனால் ஹைபர்நேட்டின் புள்ளிவிவர லாகைத் திறந்தால், நடந்த பேட்ச் எண்ணிக்கை 0. காரணம் ஐடென்டிட்டி. அந்த முறையில் ஐடி எண் என்னவென்று தெரிய வேண்டுமானால் இன்செர்ட் (புதுப் பதிவை எழுதும் கட்டளை) ஓடி முடிந்தாக வேண்டும். ஹைபர்நேட்டோ ஐடி தெரியாத பொருளைத் தன் பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டில் (அது நினைவகத்தில் கண்காணிக்கும் பொருள்களின் தொகுப்பு) வைத்துக்கொள்ளாது. ஆகவே பெர்சிஸ்ட் (‘இதைச் சேமி’) என்று அழைத்த அந்த இடத்திலேயே இன்செர்ட்டை அனுப்பிவிடுகிறது. அடுக்கி வைத்து ஒன்றாக அனுப்ப வழியே இல்லை. அதனால்தான் ஐடென்டிட்டி உள்ள என்டிட்டிக்கு இன்செர்ட் பேட்ச் கிடையாது, பேட்ச் அளவு எவ்வளவு என்று எழுதியிருந்தாலும்.

சீக்வென்ஸில் எண்ணை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். அலொகேஷன் சைஸ் என்ற மதிப்பின் இயல்பு அளவு 50. அதாவது டேட்டாபேஸிடம் ஒருமுறை கேட்டால் 50 எண்கள் கைக்கு வந்துவிடும்.

சரி, மாற்றிவிட்டு ஓட்டினேன். அப்ளிகேஷன் எழுந்திருக்கவே மறுத்தது. மேப்பிங்கில் (என்டிட்டியை டேபிளோடு இணைக்கும் விவரம்) ஒரு தடவைக்கு ஏறும் படி 50, டேட்டாபேஸ் சீக்வென்ஸில் படி 1 என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய ஐடி நெடுவரிசைக்குச் சொந்தமான சீக்வென்ஸையே நான் காட்டியிருந்தேன், அது ஒவ்வொன்றாக ஏறுவது. இப்படி மறுத்து நின்றது எவ்வளவு பெரிய உதவி என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது. ஹைபர்நேட்டின் வழக்கமான பூல்டு முறையில், சீக்வென்ஸிலிருந்து வரும் எண் ஒரு கட்டின் கடைசி எண். அங்கிருந்து 49 பின்னால் போய், அந்த 50 எண்களையும் நினைவகத்திலிருந்தே கொடுக்கும். டேட்டாபேஸ் ஒன்று ஒன்றாக மட்டும் ஏறினால், இரண்டு சர்வர்கள் வாங்கும் கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஒரே ஐடி இரண்டு ஆர்டருக்குப் போகும்.

சீக்வென்ஸின் படியை 50 ஆக்கினேன். கடைசியாகக் கொடுத்திருந்த எண் 8214. அடுத்து கேட்டபோது 8264 வந்தது. ஹைபர்நேட் கொடுத்த முதல் ஐடி 8215. இடைவெளியும் இல்லை, மோதலும் இல்லை. யாராவது நேரடியாக எஸ்கியூஎல் எழுதி ஒரு பதிவைச் சேர்த்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். அவருக்கு அந்தக் கட்டின் கடைசி எண் போகும், மீதி 49 வீணாகும், ஆனால் யாரோடும் மோதாது. இன்னொரு விஷயம்: உங்கள் நெடுவரிசை ‘ஜெனரேட்டட் ஆல்வேஸ்’ வகை ஐடென்டிட்டியாக இருந்தால், வெளியிலிருந்து ஐடி கொடுத்துச் செய்யும் இன்செர்ட்டை போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அதை ‘பை டிஃபால்ட்’ வகைக்கு மாற்ற வேண்டும். எங்களுடையது முதலிலிருந்தே பை டிஃபால்ட் என்பதால் அந்த வேலை தேவைப்படவில்லை.

அப்புறம்தான் அந்த இரண்டு சிவப்பு டெஸ்டுகள்.

உருவான நேரத்தை எடுத்துக்கொண்டேன். ஆர்டரை உருவாக்கும் மெத்தடில் நான்கு இடங்களில் அந்த ஃபீல்டின் மதிப்பை லாகில் எழுத வைத்தேன்: பெர்சிஸ்டுக்கு முன், பெர்சிஸ்டுக்குப் பின், பதிலுக்கான பொருளைக் கட்டும் இடம், கமிட்டுக்கு (டிரான்ஸாக்ஷனை, அதாவது ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகளின் தொகுப்பை, டேட்டாபேஸில் உறுதி செய்வது) பின். புதிய கோடில் முதல் மூன்றும் காலி, நான்காவதில் மட்டும் நேரம். ஐடென்டிட்டிக்குத் திரும்பி அதையே ஓட்டினேன். முதலாவது மட்டும் காலி, மற்ற மூன்றிலும் நேரம்.

அங்கேயே விஷயம் பிடிபட்டது. கிரியேஷன்டைம்ஸ்டாம்ப் வேலை செய்வது பெர்சிஸ்ட் அழைப்பில் இல்லை, இன்செர்ட் உண்மையில் ஓடும்போது. ஐடென்டிட்டியில் பெர்சிஸ்டும் இன்செர்ட்டும் ஒரே நொடியில் நடந்ததால் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தது. சீக்வென்ஸுக்கு வந்ததும் இன்செர்ட் ஃபிளஷ் (சேர்த்து வைத்த மாற்றங்களை ஹைபர்நேட் டேட்டாபேஸுக்கு அனுப்பும் நேரம்) வரைக்கும், பெரும்பாலும் கமிட் வரைக்கும், தள்ளிப் போனது. அதோடு சேர்ந்து அந்த இன்செர்ட்டின் முதுகில் ஏறியிருந்த எல்லா ஃபீல்டுகளும் தள்ளிப் போயின. எங்கள் மெத்தட் கமிட்டுக்கு முன்பே பதிலைக் கட்டிவிடுகிறது. இத்தனை நாள் அது சரியாக நடந்தது ஐடென்டிட்டியின் தயவில்.

பெர்சிஸ்டுக்கு அடுத்த வரியில் ஃபிளஷ் என்று ஒன்று எழுதினால் டெஸ்ட் உடனே பச்சையாகிவிடும். ஓட்டிப் பார்த்தேன், ஆனது. ஆனால் அந்த மெத்தடைத்தான் மொத்தமாக ஏற்றும் வேலையும் சுற்றிச் சுற்றி அழைக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபிளஷ் என்றால், எதற்காக ஐடியை மாற்றினேனோ அது போயிற்று. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பதிலாக என்டிட்டிக்குள் பிரீபெர்சிஸ்ட் அனோடேஷன் போட்ட ஒரு சிறு மெத்தட். இது பெர்சிஸ்ட் என்று அழைக்கும்போதே ஓடும், இன்செர்ட்டுக்காகக் காத்திருக்காது. உள்ளே ஒரே வேலை: நேரம் காலியாக இருந்தால் இப்போதைய நேரத்தைப் போடு. ‘காலியாக இருந்தால்’ என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். பழைய ஆர்டர்களைக் கோப்பிலிருந்து ஏற்றும்போது அவற்றின் உண்மையான தேதி கூடவே வரும், அதை அழிக்கக் கூடாது. இந்த மெத்தடுக்குள் குவெரி ஓட்டுவது, வேறு என்டிட்டியைத் தொடுவது எல்லாம் வேண்டாம். ஹைபர்நேட் பின்பற்றும் ஜேபிஏ என்ற ஜாவா தர விதியே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

கடைசியாக மாறிய நேரத்தை அப்டேட்டைம்ஸ்டாம்பிடமே விட்டுவிட்டேன். அதற்கு ஃபிளஷ் நேரம்தான் பொருத்தம். பொருளில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஹைபர்நேட் ஒப்பிட்டுப் பார்ப்பதே அப்போதுதான். மாறாத ஆர்டருக்கு மாறிய நேரம் ஏறக் கூடாது. நேரம் என்ற ஒரே வகை என்பதற்காக இரண்டு ஃபீல்டுக்கும் ஒரே வழியைப் பிடிக்க வேண்டியதில்லை.

‘உருவாக்கியவர்’ காலியானதும் அதே வேர்தான், ஆனால் இது எனக்கு அதிகக் கவலை தந்தது. நேரம் பதிலில் மட்டும்தான் காலியாக இருந்தது, டேபிளில் சரியாக ஏறியது. இதுவோ டேபிளிலேயே காலி. எங்களிடம் ஒரு சொந்த அனோடேஷன் இருக்கிறது. அதன்மேல் வேல்யூஜெனரேஷன்டைப் என்ற ஹைபர்நேட் அனோடேஷனைப் போட்டு, பிஃபோர்எக்ஸிக்யூஷன்ஜெனரேட்டர் இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் ஒரு கிளாஸோடு இணைத்திருக்கிறோம். அதன் ஜெனரேட் மெத்தடுக்கு செஷன், என்டிட்டி, இப்போதுள்ள மதிப்பு, நடப்பது இன்செர்ட்டா அப்டேட்டா என்ற தகவல் நான்கும் வரும். நாங்கள் அதில் செய்வது, அந்த திரெட்டில் (நிரல் ஓடும் இழை) யார் வேலை செய்கிறார் என்று பார்த்து அவருடைய அடையாளத்தைத் திருப்பித் தருவது.

மொத்தமாக ஏற்றும் வேலையில் உள்நுழைந்த பயனர் யாரும் இல்லை. அதனால் அந்த வேலை ஒரு டிரை பிளாக்குக்குள் ‘இப்போது வேலை செய்வது இந்தப் பணி’ என்று பெயரை வைத்துவிட்டு, முடிந்ததும் அழித்துவிடும். அந்த பிளாக் டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே இருந்தது. பெயரை வைக்கிறது, பெர்சிஸ்ட் செய்கிறது, பெயரை அழிக்கிறது, அதற்குப் பிறகு கமிட். முன்பு பெர்சிஸ்டிலேயே இன்செர்ட் ஓடியதால் ஜெனரேட்டர் பெயரைப் பார்த்தது. இப்போது ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் பெயர் அழிந்து போயிருக்கிறது.

இரண்டு திருத்தம் செய்தேன். பெயரை வைக்கும் பிளாக்கை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே தள்ளினேன். இனி கமிட் முடிந்த பிறகுதான் பெயர் அழியும். அப்புறம், பெயர் கிடைக்காவிட்டால் ஜெனரேட்டர் பேசாமல் காலியைத் திருப்பித் தந்துகொண்டிருந்ததை மாற்றி, எக்ஸெப்ஷன் வீச வைத்தேன். ‘சிஸ்டம்’ என்று ஒரு பொதுப் பெயரை நிரப்பிவிடலாம் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் செய்தார் என்று பிற்பாடு ஒருவர் தேடி வரும்போது, ‘சிஸ்டம்’ என்ற பதில் அவருக்கு எந்த வகையிலும் உதவாது. பெயர் சொல்லாத பணி ஓடாமல் நிற்பதே மேல்.

டேபிளில் காலி மதிப்புகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடியபோது, எதிர்பாராத இன்னொன்று கிடைத்தது. பழைய ஆர்டர்கள் சிலவற்றில், என் மாற்றத்துக்கு வெகுநாள் முன்பே, உருவான நேரம் காலி. எல்லாமே ஒருமுறையாவது திருத்தப்பட்டவை. திருத்தும் கோடைப் பார்த்தேன். வரும் கோரிக்கையிலிருந்து ஆர்டர் பொருளைப் புதிதாகக் கட்டி, மெர்ஜ் என்று அழைக்கிறது. திருத்தும் படிவத்தில் உருவான நேரம் இல்லை. ஆகவே புதிதாகக் கட்டிய பொருளில் அது காலி. மெர்ஜ் அந்தக் காலியையும் சேர்த்து ஹைபர்நேட் வைத்திருக்கும் பொருளுக்குள் நகலெடுக்கிறது. அப்டேட் அதையே டேபிளில் எழுதிவிடுகிறது. கிரியேஷன்டைம்ஸ்டாம்ப் இன்செர்ட்டின்போது நிரப்புவது மட்டும்தான், பிறகு காவல் காக்காது.

நெடுவரிசை விவரத்தில் அப்டேட்டபிள் என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன். இனி எந்த அப்டேட்டிலும் அந்த நெடுவரிசை சேராது. ஆனால் இதோடு நிறுத்தினால் ஒரு சின்ன ஓட்டை மிச்சம் இருக்கிறது. டேபிள் பாதுகாப்பாக இருக்கும், நினைவகத்தில் உள்ள பொருளில் மட்டும் மெர்ஜ் கொண்டுவந்த காலி அப்படியே நிற்கும், பதிலிலும் காலியாகவே போகும். அதனால் திருத்தும் கோடையே மாற்றி, முதலில் ஆர்டரை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, படிவத்தில் வந்த ஃபீல்டுகளை மட்டும் அதில் வைக்கிறேன். காலியாகிப் போன பழைய நேரங்களை, ஆர்டரின் நிலைமாற்றங்களைக் குறித்து வைக்கும் டேபிளில் இருந்த முதல் பதிவைப் பார்த்து நிரப்பினேன். கடைசியில் நெடுவரிசைக்கே ‘நாட் நல்’ (காலியாக இருக்கக் கூடாது) கட்டுப்பாடு. இது முதல் நாளிலேயே இருந்திருந்தால், காலி ஏறிய அன்றைக்கே பிழை கத்தியிருக்கும்.

இதற்கு ஒரு டெஸ்ட் எழுதினேன்: ஆர்டரைச் சேர்த்து, கான்டெக்ஸ்டைக் காலி செய்து, மறுபடி எடுத்து, இரண்டு நேரமும் ஒன்றா என்று ஒப்பிடும் டெஸ்ட். தோற்றது. நினைவகத்தில் 10:15:30.123456789, டேபிளிலிருந்து வந்தது 10:15:30.123457. லினக்ஸில் ஜாவா 15 முதல், நேரத்தைக் குறிக்கும் இன்ஸ்டன்ட் வகை நானோ நொடி வரை, ஒன்பது இலக்கம் தருகிறது. போஸ்ட்கிரெஸ் வைத்துக்கொள்வது மைக்ரோ நொடி, ஆறு இலக்கம். பிரீபெர்சிஸ்ட் மெத்தடிலேயே நேரத்தை மைக்ரோ நொடிக்கு வெட்டிவிட்டேன், இரண்டும் ஒத்துப்போயின. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வெறுமனே டேட்டைம் என்று அறிவித்தால் நொடிக்குக் கீழே எதுவும் தங்காது. அதிலும் இயல்பாக அது வெட்டுவதில்லை, அருகிலுள்ள முழு நொடிக்கு மாற்றுகிறது. இரவு 23:59:59.7க்கு வந்த ஆர்டர் மறுநாள் 00:00:00 என்று பதிவாகும். நாள்வாரிக் கணக்கு எடுக்கிற இடத்தில் இது எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேட்டைமுக்குப் பக்கத்தில் 6 என்று இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

நேரத்தை டேட்டாபேஸே போடட்டும் என்று விட்டுவிடலாமே என்றும் யோசித்தேன். பல சர்வர்களின் கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்போது அது நல்ல வழி. ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸில் நவ் ஃபங்ஷன் தருவது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம். ஒரே டிரான்ஸாக்ஷனில் ஏறும் ஆயிரம் ஆர்டருக்கும் ஒரே நேரம்தான் விழும். தனித்தனி நேரம் வேண்டுமானால் கிளாக் டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். அதோடு, டேட்டாபேஸ் போட்ட மதிப்பை என்டிட்டிக்குள் கொண்டுவர அதைத் திரும்ப வாசிக்கவும் வேண்டும்.

அந்தத் திரும்ப வாசிக்கும் செலவு எவ்வளவு என்பதை மொத்தத் தொகை எனக்குக் காட்டியது. சரக்கு விலை, வரி, தள்ளுபடி மூன்றும் அதே பதிவில் இருப்பதால், போஸ்ட்கிரெஸ் 12இல் வந்த ஜெனரேட்டட் நெடுவரிசையாக அதை வைத்திருந்தோம். என்டிட்டியில் ஜெனரேட்டட் அனோடேஷன். எல்லாவற்றையும் திருத்திய பிறகும் பேட்ச் எண்ணிக்கை ஏறவில்லை. கடைசியில் இந்த ஃபீல்டில்தான் வந்து நின்றேன். டேட்டாபேஸ் கணக்கிட்ட தொகையைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு ஆர்டரையும் எழுதியவுடன் வாசிக்க வேண்டும். அப்படியானால் இன்செர்ட்டுகளை அடுக்கி வைக்க முடியாது. அறிக்கைகள் அந்த நெடுவரிசையை நேரடியாகப் படிக்கின்றன, அது டேபிளில் இருக்கட்டும். என்டிட்டியிலிருந்து ஃபீல்டை எடுத்துவிட்டு, மூன்று தொகைகளையும் கூட்டிக் கழிக்கும் ஒரு சாதாரண ஜாவா மெத்தடை வைத்தேன். இரண்டு இடத்தில் ஒரே கணக்கு இருப்பது எனக்குப் பிடித்தமான விஷயம் அல்ல. அதனால் இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டையும் பக்கத்திலேயே வைத்தேன்.

இப்போது 1,000 ஆர்டர்களை ஏற்றினேன். லாகில் 20 பேட்ச், சீக்வென்ஸுக்கு 20 அழைப்பு. அந்த வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது.

ஆர்டர் எண்ணை இந்த வேலையில் நான் தொடவில்லை. ஆனால் கோடைப் பார்த்த ஒருவர், அதையும் சீக்வென்ஸுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்டார். கூடாது. எங்கள் ஆர்டர் எண்களில் நடுவில் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்பது விதி. சீக்வென்ஸ் கொடுத்த எண், டிரான்ஸாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் (நடந்தது ரத்தாகிப் பழைய நிலைக்குப் போனாலும்) திரும்பாது. 50 எண்களைக் கையில் வைத்திருக்கும் சர்வர் மறுதொடக்கம் ஆனால் மீதி எண்கள் போனதுதான். ஐடிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆர்டர் எண்ணுக்கு அது ஒத்துவராது. ஆகவே அது பழையபடி ஒரு கவுன்டர் டேபிளிலிருந்து, பதிவைப் பூட்டி எடுத்து, அதே டிரான்ஸாக்ஷனுக்குள் ஏற்றப்படுகிறது. பூட்டு கமிட் வரை இருக்கும் என்பதால், எண் வாங்குவதை மெத்தடின் கடைசி வேலையாக வைத்திருக்கிறோம். ஜெனரேட்டட்வேல்யூ அனோடேஷனை ஆர்டர் எண் ஃபீல்டில் போடலாமா என்றும் கேட்டார். அது ஐடிக்கு மட்டுமே உரியது, மற்ற ஃபீல்டில் போட்டால் எண் எதுவும் வராது.

கடைசியாக ஒரு தேடல் மிச்சம் இருந்தது. என்டிட்டியைக் கையில் எடுக்காமல் நேரடியாக அப்டேட் செய்யும் குவெரிகள். ‘இந்தத் தேதிக்கு முந்தைய, பணம் கட்டாத ஆர்டர்களையெல்லாம் ரத்து நிலைக்கு மாற்று’ என்பது போன்றவை. இவை ஒரே எஸ்கியூஎல்லாக டேட்டாபேஸுக்குப் போய்விடுகின்றன. என்டிட்டி நினைவகத்துக்கே வராததால் அப்டேட்டைம்ஸ்டாம்பும் ஓடாது, பிரீஅப்டேட் மெத்தடும் ஓடாது. கோடு முழுக்கத் தேடியதில் இப்படி மூன்று குவெரிகள் இருந்தன. மூன்றிலும் மாறிய நேரத்தை வைக்கும் பகுதியைக் கையால் சேர்த்தேன். மூன்றாவதில், நிலை உண்மையிலேயே மாறுகிற ஆர்டர்களை மட்டும் தொடும்படி நிபந்தனையையும் இறுக்கினேன். இல்லாவிட்டால் ஏற்கெனவே ரத்தான ஆர்டர்களின் நேரமும் ஒவ்வொரு இரவும் புதிதாக ஏறிக்கொண்டிருக்கும். டெஸ்டுகள் எல்லாம் பச்சை. மாற்றத்தை முதன்மைக் கிளையில் இணைத்துவிட்டேன்.